புளிப்புச் சோறும் பச்சை மீனும்

திண்டிவனம் என்ற பெயருக்குப் புளியங்காடு என்பது பொருள். வடமொழியில் 'திந்திரிணி' என்றால் புளியமரம். திந்திரிணி வனமே நாளடைவில் திண்டிவனம் ஆயிற்று என்று ஊரார் சொல்லுவார்கள். அங்கே கோயில் கொண்டிருக்கும் ஈசனுக்கும் திந்திரிணீசுவரர் என்றே திருநாமம். இது இப்படியிருக்க, ஜப்பானியர் 'சுஷி' என்று ஒரு பதார்த்தம் உண்கிறார்களே, அந்தச் சொல்லுக்கு அவர்களுடைய பழைய பாஷையில் என்ன பொருள் என்று நேயர்களுக்குத் தெரியுமோ? 'புளிப்பானது' என்பதுதான் பொருள். பச்சை மீன் என்பதல்ல. மீன் என்பதே அல்ல. வெறும் புளிப்பு!

ஆனால் விழுப்புரத்தில் இதை யாரிடம் சொல்வது? காலை வேளையில் விழுப்புரத்திலிருந்து திண்டிவனத்திற்குச் செல்லும் ரயில் வண்டியில், முண்டியம்பாக்கம் வருவதற்குள் சுஷி என்ற பேச்சை எடுத்துப் பாருங்கள். ஒருவர் மூக்கைப் பிடித்துக் கொள்வார். மற்றொருவர், "பூனை தின்கிற மாதிரியா, ஸார்?" என்பார். மரக்கறி உண்பவர்கள் முகம் சுளிப்பதில் ஆச்சரியமில்லை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வஞ்சிர மீனைப் பேரம் பேசி வாங்குகிறவர்கள் அல்லவா அவர்களைவிட அதிகமாகச் சுளிக்கிறார்கள்! மீன் என்றால் அது குழம்பில் கொதிக்க வேண்டும்; அல்லது தோசைக்கல்லில் பொரிய வேண்டும். நெருப்பைக் காணாத மீனை மனிதன் வாயில் வைப்பதாவது?

இந்தப் பேச்சு நம் ஊர்ப் பக்கம் வருவதற்கே காரணம் உண்டு. ஒரகடத்திலும் ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்திலும் ஜப்பானியர் தொழிற்சாலைகள் பல எழுந்துவிட்டன. 2010-ஆம் ஆண்டில் ஒரகடத்தில் நிஸ்ஸான் மோட்டார் தொழிற்சாலை திறக்கப்பட்டது பலருக்கு நினைவிருக்கும். நம் ஜில்லாவிலிருந்து டிப்ளமாவும் பட்டமும் பெற்று வெளிவருகிற பிள்ளைகள் அந்தத் திசையில்தான் பஸ் ஏறுகிறார்கள். அவர்களில் சிலர் ஜப்பானிய பாஷை பயில்கிறார்கள். ஜப்பானிய மேலதிகாரிகளுடன் அமர்ந்து சாப்பிடவும் பழகுகிறார்கள். அப்படிப் பழகியவர்களில் ஒருவர் நம்மிடம் படித்த இளைஞர். பள்ளிக்கூடத்தில் மோர்ச் சோற்றைத் தவிர வேறொன்றும் அறியாதிருந்த அந்தப் பிள்ளை ஒரு விடுமுறையில் நம்மைத் தேடி வந்து, "ஸார், ஒரு தடவை சென்னைக்கு வந்து சாப்பிட்டுப் பாருங்கள். பிடிக்காவிட்டால் பக்கத்திலேயே இட்லிக் கடை இருக்கிறது" என்றார். இட்லிக் கடையை நம்பியே நாம் புறப்பட்டோம்.

சென்னையில் அந்த உணவு விடுதி மாடியில் இருந்தது. ஆடம்பரம் ஒன்றுமில்லை. நீண்ட மரப் பலகை ஒன்று. அதற்கு அப்புறம் சமையற்காரர், இப்புறம் நாம். சமையல் என்பது இங்கே அடுப்பங்கரைக்குள் மறைந்து நடக்கும் காரியமல்ல. நம் கண்ணெதிரே நடக்கிற கச்சேரி. சமையற்காரர் ஜப்பானியர் அல்லர், மணிப்பூர்க்காரர். ஜப்பானியக் குரு ஒருவரிடம் பல வருஷங்கள் தொழில் பழகியவராம். பச்சை மீன் என்று நாம் தயங்குவதைக் கண்டு சிரித்தார். அவருடைய நாட்டில் மீனைப் புளிக்க வைத்து 'ஙாரி' என்று செய்வார்கள். அதன் மணம் மூன்று வீட்டுக்கு எட்டும். அதை உண்டு வளர்ந்தவருக்கு இது ஒரு பொருட்டா? ('ங'கரத்தில் தொடங்கும் சொல்லுக்கு உதாரணம் கேட்கும் மாணவர்களுக்கு இனி நம்மிடம் பதில் உண்டு.)

முதலில் வந்தது சஷிமி. இதற்கும் சுஷிக்கும் உள்ள பேதத்தை இங்கேயே சொல்லிவிடுவோம். சஷிமி என்பது மீன் மட்டும், சோறு கிடையாது. சுஷி என்றால் காடி கலந்த சோறு கட்டாயம் உண்டு. மீன் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். தட்டில் வெள்ளை முள்ளங்கியை நூல் நூலாகச் சீவிப் பரப்பி, அதன்மீது துண்டங்களை அடுக்கியிருந்தார்கள். ஒன்று பளிங்கு வெண்மை. ஒன்று மாதுளை முத்தின் சிவப்பு. சிவந்தது சூரை இனத்து மீன். கத்தி நீளமானது, ஒரு பக்கம் மட்டுமே தீட்டப்பட்டது. அதை முன்னும் பின்னும் இழுத்து அறுப்பதில்லை. அடியிலிருந்து நுனிவரை ஒரே இழுப்பு. அப்படி அறுத்தால்தான் துண்டத்தின் முகம் கண்ணாடியைப் போல் மழமழவென்று இருக்குமாம். நாக்கில் பட்டதும் அந்த வித்தியாசம் தெரிந்துவிடுகிறது.

முதற் துண்டை வாயில் வைக்கும்போது கண்ணை மூடிக் கொண்டோம் என்பதை மறைப்பானேன்? எதிர்பார்த்த நாற்றம் வரவில்லை. யோசித்துப் பார்த்தால் வருவதற்கு நியாயமும் இல்லை. நாற்றம் மீனுக்கு இயல்பன்று. மீன் இறந்து நேரமான பிறகு, அதன் சதையிலுள்ள மணமற்ற ஒரு பொருளைக் கிருமிகள் சிதைக்கும்போதுதான் நாம் 'மீன் வாடை' என்று சொல்வது பிறக்கிறது. கடலிலிருந்து வந்ததும் குளிரிலேயே காக்கப்பட்ட மீனுக்கு வாடை ஏது? வெண்ணிற மீன் இளநீர் வழுக்கையைப் போல் சற்றே இழுத்துப் பிறகு விட்டுக் கொடுத்தது. சிவந்த மீன் நுங்கின் குளிர்ச்சியோடு வழுக்கிச் சென்றது. இனிப்பும் அல்லாத, உப்பும் அல்லாத ஒரு ருசி கடைசியில் நாவின் அடியில் தங்கிவிட்டது. நம்முடைய அறுசுவைக் கணக்கில் இதற்கு இடமில்லை. ஜப்பானியர் இதற்கு 'உமாமி' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். 1908-ஆம் ஆண்டில் டோக்கியோ சர்வகலாசாலைப் பேராசிரியர் இக்கேடா என்பவர் கொம்பு என்னும் கடற்பாசியிலிருந்து இந்தச் சுவைக்குக் காரணமான உப்பைப் பிரித்தெடுத்துக் காட்டினார். ஐந்து ஆண்டுகளுக்குப் பின் அவருடைய மாணவர் கொடாமா, உலர்த்திய சூரை மீனிலிருந்து அதே வகைச் சுவையைத் தரும் வேறொரு பொருளைக் கண்டார். உலர்த்திய சூரை என்றதும் தெற்கத்தி நேயர்கள் புன்னகை செய்வார்கள். சூரையை அவித்து, புகையிட்டு, மரக்கட்டை போல் உலர்த்தி எடுக்கும் மாசிக் கருவாடு அவர்கள் அறியாததா? மாலத் தீவிலும் மினிக்காயிலும் செய்யும் மாசியும், ஜப்பானியரின் 'கட்சுவோபுஷி'யும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்றே சொல்லலாம்.

பிறகு சுஷி வந்தது. சமையற்காரர் இரண்டு விரலை நீரில் நனைத்து, ஒரு பிடிச் சோற்றை எடுத்து, உள்ளங்கையில் உருட்டி, மேலே மீனை அமர்த்தி நம் முன் வைத்தார். இதற்கு அரை நிமிஷம்கூட ஆகவில்லை. இளைஞர் மெதுவாக நம் காதருகே, "ஸார், குச்சி வேண்டாம், கையாலேயே எடுக்கலாம்" என்றார். நமக்கு உயிர் வந்தது. கையால் உண்பது ஜப்பானில் சுஷிக்கு முழு மரியாதையான முறையே. இரண்டு குச்சிகளோடு மல்யுத்தம் செய்து சோற்றைச் சிதறடிப்பவர்கள் நவநாகரிகத்தில் தேர்ந்த நம்மவர்கள்தாம். மீன் இருக்கும் பக்கத்தைத் திருப்பி, சோயாச் சாறில் சற்றே தொட்டு, ஒரே வாயில் போட்டுக் கொள்ள வேண்டும். சோற்றைச் சாற்றில் முக்கினால் உதிர்ந்துவிடும். கூடவே இஞ்சி ஊறுகாய் வைக்கிறார்கள். அதைச் சுஷியின்மேல் வைத்து உண்ணக் கூடாது. ஒரு மீனுக்கும் அடுத்த மீனுக்கும் நடுவில் வாயைத் துடைத்து வைக்கும் வேலை அதற்கு.

பச்சை நிறத்தில் ஒரு விழுது இருக்கிறதே, வசாபி, அதைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் நம் மூக்கு நம்மை மன்னிக்காது. மிளகாய் நாக்கைச் சுடும்; இது நேரே மூக்கின் உச்சிக்கு ஏறி, அரை நிமிஷத்தில் சுவடு தெரியாமல் இறங்கிவிடும். புதிதாய்ப் பிசைந்த ஆவக்காயில் கடுகு ஏறுமே, அதே அனுபவம். காரணமும் ஒன்றே. கடுகிலும் வசாபியிலும் காரத்தைத் தருகிற எண்ணெய் ஒரே பொருள். அசல் வசாபிக் கிழங்கு விலை அதிகம். ஆகையால் பெரும்பாலான விடுதிகளில் வசாபி என்று கிடைப்பது வேறொரு காரக் கிழங்கும் கடுகும் பச்சை வர்ணமும் சேர்ந்த கலவைதான்.

ஆனால் நம்மை அன்று வென்றது மீனல்ல, சோறு. இளஞ்சூடாக இருந்தது. ஒவ்வொரு பருக்கையும் தனித்துத் தெரிந்தும் ஒன்றை ஒன்று பற்றிக் கொண்டிருந்தது. அதில் புளிப்பும், கூடவே எட்டிப் பார்க்கிற தித்திப்பும் உப்பும். "மீனை அறுக்கச் சில வருஷம், சோற்றைப் பக்குவம் செய்ய அதைவிட அதிக வருஷம்" என்றார் மணிப்பூர்க்காரர். வடித்த சோற்றை அகன்ற மரத்தொட்டியில் பரப்பி, காடியைத் தெளித்து, பருக்கை உடையாமல் அகப்பையால் வெட்டினாற்போல் கிளறி, ஒரு கையால் விசிறுவார்களாம். பெருமாள் கோயில் மடைப்பள்ளியில் புளியோதரைக்குச் சோறு ஆற்றுவதைப் பார்த்தவர்களுக்கு இதில் ஒரு சொல்லும் புதிதாக இராது.

இந்தப் புளிப்பு சோற்றில் எப்படி வந்து சேர்ந்தது என்பதே ஒரு கதை. ஆதியில் சுஷி என்பது மீனைக் கெடாமல் காக்கும் உபாயம். தென்கிழக்கு ஆசியாவின் நெல் விளையும் ஆற்றோரங்களில் தோன்றி ஜப்பானுக்குச் சென்றது என்று ஆராய்ச்சியாளர் கருதுகிறார்கள். உப்பிட்ட மீனைச் சோற்றுக்குள் புதைத்து, கல்லேற்றி அழுத்தி, மாதக்கணக்கில் வைப்பார்கள். சோறு புளிக்கும், அந்தப் புளிப்பு மீனைக் காக்கும். நம் இட்லி மாவையும் பழைய சோற்றையும் புளிக்க வைக்கிற நுண்ணுயிர்களின் இனத்தாரே அங்கும் வேலை செய்கிறார்கள். கடைசியில் மீனை உண்டு, குழைந்துபோன சோற்றை எறிந்துவிடுவார்களாம்! பிவா என்னும் ஏரிக்கரையில் இன்றும் 'புனாசுஷி' என்று இந்தப் பழைய முறை நடந்து வருகிறது. காலப்போக்கில் ஜப்பானியருக்குப் பொறுமை குறைந்தது. சோற்றை எறிய மனமும் வரவில்லை. புளிக்கும்வரை காத்திருப்பானேன் என்று காடியை ஊற்றிக் கலந்துவிட்டார்கள். சாக்கே என்னும் அரிசி மதுவின் மண்டியிலிருந்து 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலிவான காடி கிடைக்கத் தொடங்கியது. 1820-களில் இன்றைய டோக்கியோவாகிய எடோ நகரத்துத் தெருக்களில், கையால் பிடித்து மீன் வைத்துத் தரும் சுஷி பரவியது. ஹனாயா யோஹேய் என்பவருக்கு அந்தப் பெருமையைத் தருகிறார்கள். அந்நாளில் அது மேட்டுக்குடி விருந்தல்ல. நம் பஜ்ஜிக் கடையைப் போல, வேலைக்குப் போகிறவன் நின்றபடியே இரண்டு வாங்கி வாயில் போட்டுக் கொண்டு நடக்கும் பண்டம். அளவும் இப்போதைப் போல் இரண்டு மூன்று மடங்கு! 1923-ஆம் வருஷத்துப் பெரும் பூகம்பத்தில் டோக்கியோ பாழானபோது அங்கிருந்த சுஷிக்காரர்கள் பலர் சொந்த ஊர்களுக்குத் திரும்பினார்கள். அவர்களோடு எடோவின் சுஷி ஜப்பான் முழுவதும் சென்றது.

இதையெல்லாம் 'ஆயிரம் ஆண்டு மாறாத சம்பிரதாயம்' என்று சொல்லுகிறவர்களுக்கு இரண்டு சமாசாரம் சொல்லி வைப்போம். சூரையின் கொழுத்த வயிற்றுச் சதையை எடோ மக்கள் சீந்துவதே இல்லை. அந்த மீனினத்தில் பெரியதொன்று, 278 கிலோ எடையுள்ளது, 2019-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் டோக்கியோ ஏலத்தில் 33 கோடி யென்னுக்கு மேல் போயிற்று. இன்று உலகமெங்கும் சுஷி என்றதும் கண்முன் தோன்றும் செம்மஞ்சள் நிறச் சால்மனைப் புழுவுக்கு அஞ்சி ஜப்பானியர் பச்சையாக உண்டதில்லை. 1980-களில் நார்வே தேசத்தார் தங்கள் பண்ணை மீனை விற்பதற்காக அந்த வழக்கத்தை மெல்ல மெல்ல ஏற்படுத்தினார்கள். ருசி என்பது அவ்வளவு சீக்கிரம் இடம் மாறும் வஸ்து.

நம் பக்கத்துச் சோறும் அங்கே போயிருக்கிறது. டில்லியில் வைஸ்ராய் ஹார்டிஞ்சின்மீது 1912-ல் குண்டு வீசிய வழக்கில் தேடப்பட்ட ராஷ் பிஹாரி போஸ், 1915-ல் ஜப்பானுக்குத் தப்பிச் சென்றார். பிரிட்டிஷார் கைக்கு அகப்படாமல் அவருக்கு அடைக்கலம் தந்தவர்கள் டோக்கியோவில் நகமுராயா என்னும் ரொட்டிக் கடை நடத்திய தம்பதிகள். அவர்களுடைய மகளையே அவர் மணந்தார். 1927-ல் அந்தக் கடையில் நம் தேசத்துக் கறியும் சோறும் பரிமாறச் செய்தார். ஜப்பானியர் அதை முகம் சுளிக்காமல் உண்டார்கள், இன்றும் உண்கிறார்கள்.

இனி நம் ஊருக்குத் திரும்புவோம். பத்துப்பாட்டில் சிறுபாணாற்றுப்படை என்று ஒன்று உண்டு. நத்தத்தனார் பாடியது. அதன் பாட்டுடைத் தலைவன் நல்லியக்கோடன் ஆண்ட ஓய்மா நாடுதான் இன்றைய திண்டிவனம் சுற்றுவட்டாரம். அவனுடைய கிடங்கில் கோட்டை இருந்த இடம் திண்டிவனத்தின் ஒரு பகுதியாகவே இன்று இருக்கிறது. பரிசில் பெறப் போகும் பாணனுக்கு வழியில் எங்கெங்கே என்னென்ன சோறு கிடைக்கும் என்று அந்தப் புலவர் சொல்லிக் கொண்டே போகிறார். எயிற்பட்டினத்தில், அதாவது மரக்காணம் என்று அறிஞர் கருதும் கடற்கரை ஊரில், உலர்ந்த குழல் மீனைச் சுட்டுத் தருவார்கள். வேலூரில் எயினப் பெண்கள் சமைத்த, இனிய புளி சேர்ந்த சுடுசோறு; துணைக்குக் காட்டுப் பசுவின் சூட்டிறைச்சி. (இந்த வேலூர் கோட்டை உள்ள வேலூரன்று, நம் பக்கத்து உப்புவேலூர்.) ஆமூரில் குற்றிய வெள்ளரிசிச் சோறும் நண்டுக் கலவையும். புளித்த சோறு, உலர்ந்த மீன், நண்டு! டோக்கியோ சமையற்காரர் ஒருவருக்கு இந்தப் பட்டியலை மொழிபெயர்த்துக் கொடுத்தால், விருந்துக்கு எத்தனை மணிக்கு வர வேண்டும் என்றுதான் கேட்பார்.

இந்தப் பாட்டை வகுப்பில் நடத்தும்போது நமக்கு ஒரு சங்கடம் நேருவதுண்டு. கடலோரக் குப்பம் ஒன்றிலிருந்து பஸ்ஸில் வந்து படிக்கும் பெண் ஒருத்தி. அவள் சோற்றுப் பாத்திரத்தைத் திறந்தால் பக்கத்துப் பெண்கள் எழுந்து வேறு மரத்தடிக்குப் போய்விடுவார்கள். காரணம் கருவாடு. அவள் மூடியைப் பாதி திறந்து, கையை உள்ளே விட்டு, அவசர அவசரமாக உண்பதை நாம் பலநாள் பார்த்திருக்கிறோம். புத்தகத்தில் அச்சேறினால் அதே சுட்ட மீன் சங்க காலத்து விருந்தோம்பல். பரீட்சையில் ஐந்து மார்க்கு. பாத்திரத்தில் இருந்தால் நாற்றம். அந்தப் பாத்திரத்தைக் கண்டு எழுந்து போகும் வீடுகளிலிருந்தே, சென்னைக்குச் சென்று பெருந்தொகை கொடுத்துப் பச்சை மீன் உண்டு, அதைப் படமெடுத்து ஊருக்குக் காட்டுகிறவர்களும் வருகிறார்கள். வேடிக்கைதான். மரக்காணத்து உப்பளத்து உப்பில் ஊறி, மரக்காணத்து வெயிலில் காய்ந்த மீனுக்கு என்ன குறைவு? ஒரு நாள் குழல் மீன் என்ற சொல் வந்தபோது, மீனை எப்படிக் கீறுவது, எத்தனை நாள் உப்பில் வைப்பது, பனி நாளில் ஏன் கருவாடு சரியாகக் காயாது என்று அந்தப் பெண்ணையே எழுந்து சொல்லச் சொன்னோம். கால் மணி நேரம் பேசினாள். உரையாசிரியர் எவரும் எழுதாத உரை அது.

இதைப் படித்துவிட்டு யாரேனும் விழுப்புரம் மார்க்கெட்டில் வஞ்சிரம் வாங்கி வந்து வீட்டில் பச்சையாக அறுத்து வைத்துவிடப் போகிறார்களே என்று நமக்குக் கவலை. வேண்டவே வேண்டாம்! நம் சந்தைக்கு வரும் மீன் அடுப்புக்கென்று வருவது. பல கை மாறி, பெட்டியில் ஐஸ் உருகி உருகி வருவது. கடல் மீனில் மனிதன் குடலைக் குடையும் நுண்புழு இருக்கலாம். பச்சையாகப் பரிமாறும் மீனை அதற்கெனப் பூஜ்யத்துக்குக் கீழே 20 டிகிரிக் குளிரில் ஏழு நாளாவது உறைய வைப்பது மேல்நாட்டார் கடைப்பிடிக்கும் விதி. வீட்டுக் குளிர்ப் பெட்டியை நம்பி அந்தக் காரியத்தில் இறங்கலாகாது. சூரை இனத்து மீன் குளிர் தவறினால் அதில் ஒருவகை விஷம் சேரும். பிறகு எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அது போவதில்லை. ஏரிக் கெண்டையையும் விராலையும் பச்சையாகத் தொடவே கூடாது. கர்ப்பிணிப் பெண்களும் நோயாளிகளும் நல்ல விடுதியிலும் பச்சை மீனைத் தவிர்ப்பதே முறை.

மரக்கறிக் குடும்பத்தாருக்கும் சுஷியில் இடமுண்டு. வெள்ளரிக்காயை நடுவில் வைத்துச் சுருட்டியது அசல் ஜப்பானிய வகையே, நம்மவர்களுக்காகப் புனைந்ததல்ல. வறுத்த சோயாப் பன்னீர்ப் பைக்குள் சோற்றை அடைத்துத் தருவதும் உண்டு. ஆனால் அந்தப் பையை வேக வைக்கும் சாற்றில் உலர்ந்த சூரை சேர்ந்திருப்பது வழக்கம். கண்ணுக்குத் தெரியாது, கேட்டுத்தான் தெளிய வேண்டும்.

வெள்ளரிக்காய்ச் சுருளை நம் வீட்டிலேயே செய்து பார்த்தோம். புழுங்கலரிசி ஒட்டாது. பச்சரிசி இரண்டு டம்ளர் எடுத்து, நீரைச் சற்றுத் தாராளமாக வைத்துக் குழையாமல் வேக விட வேண்டும். மூன்று மேசைக் கரண்டி காடியில் ஒன்றரைக் கரண்டி சர்க்கரையும் ஒரு தேக்கரண்டி உப்பும் கரைத்துச் சூடான சோற்றில் தெளித்து, தாம்பாளத்தில் பரப்பி விசிறினோம். விசிறும் வேலை பிள்ளைகளுடையது. சுற்றுவதற்கான கடற்பாசித் தாளைச் சென்னையிலிருந்து இளைஞர் வாங்கி அனுப்பியிருந்தார். அந்தத் தாளைக் கண்டு மட்டும் வீட்டில் தயக்கம் இருந்தது. ராமநாதபுரம் கடற்கரையில் நம் பெண்கள் மூழ்கி எடுக்கும் கடற்பாசிக்கு இது தூரத்து உறவு என்று விளக்கியதும் தயக்கம் தீர்ந்தது. மூங்கில் பாய்க்குப் பதிலாகப் பூஜை அறைத் தடுக்கை எடுக்கப் போய், அம்மாவிடம் வாங்கிக் கட்டிக் கொண்டதைத் தவிர விக்கினம் ஒன்றும் இல்லை.

வில்லை வில்லையாக நறுக்கித் தட்டில் வைத்தபோது பிள்ளைகள் முதலில் பார்த்துக் கொண்டே இருந்தார்கள்; பிறகு தட்டைப் பார்க்க முடியவில்லை. எழுபத்தெட்டு வயதான அம்மா ஒன்றை எடுத்து நிதானமாக மென்றாள். "சோறு நன்றாகத்தான் இருக்கிறது. எண்ணெய் விட்டுத் தாளிக்க மறந்துவிட்டார்களே, பாவம்!" என்று சொல்லிவிட்டு, இஞ்சிக்குப் பதிலாக நார்த்தங்காய் ஊறுகாய் கொண்டு வரச் சொன்னாள்.